வாளில் தெரிந்த முகில்: ஓரியன் நெபுலாவின் கதை

அஸ்-ஸூபியைப் பற்றி எங்கட கூட்டங்களில் யாராவது பேசினால் ஒரு வசனம் தவறாமல் வந்து விழும்: "வானத்து நெபுலாக்களை உலகுக்கு முதலில் காட்டித் தந்தவர் அவர்தான்." கைதட்டலும் கிடைக்கும். சில வருடங்களுக்கு முன் என் கைக்கு வந்த ஒரு விழா மலரில், அதே வசனத்துக்குக் கீழே ஓரியன் நெபுலாவின் வண்ணப்படம் ஒன்றையும் அச்சிட்டிருந்தார்கள். செந்நிறமும் ஊதாவும் கலந்து, நடுவில் நான்கு வெள்ளிகள் நெருங்கி நிற்கும் அந்தப் படத்தை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அழகான படம்தான். ஆனால் அந்த நெபுலாவை ஸூபி முகிலாகக் குறிப்பிடவே இல்லை. அவர் குறிப்பிட்டவை வேறு.

இப்படிச் சொன்னால் "நம்மட ஆளைக் குறைத்துப் பேசுறீங்க" என்று சிலர் முகம் சுழிப்பார்கள். குறைப்பது என் நோக்கமல்ல. அவர் எதைக் கண்டார், எதைக் கடந்து போனார் என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் இந்த வரலாறு சுவையாகிறது. ஒரு பெரிய நட்சத்திரம் தன்னைச் சுற்றியுள்ள முகிலை எப்படி ஒளிர வைக்கிறது, எப்படிக் குடைந்து உருவம் கொடுக்கிறது என்பதை அறிய மனிதருக்கு ஏன் இத்தனை காலம் எடுத்தது என்பதும் அங்கேதான் விளங்கும்.

அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூபி 903ஆம் ஆண்டு ஈரானின் ரை நகரில் பிறந்தவர். புவைஹி ஆட்சியாளர் அழுதுத் தௌலாவின் அவையில் இருந்தவர். 986இல் வஃபாத்தானார். 964 அளவில் அவர் எழுதிய 'கிதாபு ஸுவரில் கவாகிப்' நிலையான நட்சத்திரங்களைப் பற்றிய நூல். கிரேக்கரான தொலமியின் பட்டியலை அடிப்படையாக வைத்தாலும் அவர் அதை அப்படியே பிரதி பண்ணவில்லை. ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தன் கண்ணால் பார்த்து, அதன் பிரகாசத்தைத் திருத்தி எழுதினார். ஒவ்வோர் உருவத்தையும் இரண்டு தடவை வரைந்தார்: பூமியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிவது ஒன்று, வான உருண்டையில் வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது மற்றொன்று. இந்த நூலில்தான் அந்திரோமெதா உருவத்துக்குப் பக்கத்தில், அரபுகள் சொல்லும் பெரிய மீனின் வாயருகே, ஒரு சிறு முகில் இருப்பதாக எழுதினார். இன்று எங்களுக்குக் கிடைத்துள்ளவற்றில் அந்திரோமெதாவைப் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்பு அதுதான். அது வாயு முகிலல்ல, 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள இன்னொரு பால்வெளி என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிய வந்தது. தொலைகாட்டியே இல்லாத காலத்தில் அதைப் பதிந்து வைத்தது பெரிய காரியம். அதோடு இன்னொன்றையும் சேர்த்து அவருக்குச் சூட்டத் தேவையில்லை.

இனி ஓரியனுக்கு வருவோம். அரபுகள் இந்த உருவத்தைப் பழங்காலத்தில் 'அல்-ஜவ்ஸா' என்றார்கள். கிரேக்க நூல்கள் மொழிபெயர்க்கப்பட்ட பிறகு 'அல்-ஜப்பார்' என்றும் சொன்னார்கள். இங்கே அதற்கு இராட்சத உருவம் உடையவன் என்று பொருள், அல்லாஹ்வின் திருநாமத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்று உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் வாயில் புழங்கும் இதன் நட்சத்திரப் பெயர்களைப் பாருங்கள். ரைஜல் என்பது 'ரிஜ்ல்', கால். அல்நிடாக் 'அன்-நிதாக்', இடுப்புப் பட்டி. அல்நிலம் 'அன்-நிழாம்', கோத்த முத்துச்சரம். மின்டாகாவும் பட்டிதான். பீட்டல்ஜூஸ் 'யதுல் ஜவ்ஸா', அதாவது ஜவ்ஸாவின் கை. லத்தீனில் எழுதிய யாரோ 'யா'வின் இரண்டு புள்ளியை ஒன்றாக வாசித்து 'பா' ஆக்கிவிட்டதால் பெயர் இப்படித் திரிந்தது. தமிழில் அதுவே திருவாதிரை. 'ஸைஃப்' என்றால் வாள், ஆனால் அந்தப் பெயர் இன்று ஒட்டியிருப்பது வாளில் இல்லை, ஒரு காலில். பெயர்கள் கைமாறும்போது இடமும் மாறிப்போகும்.

என் வாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. இடுப்புப் பட்டியை அவர் 'மூணு வெள்ளி' என்பார், அவ்வளவுதான். அந்த மூணு வெள்ளிக்குக் கீழே, மங்கலாக இன்னொரு மூன்று தொங்கும். அதுதான் வாள். அதன் நடுவிலுள்ளது ஒரு நட்சத்திரம்போல் கூர்மையாக இல்லாமல், பஞ்சை ஒற்றி வைத்ததுபோல் சற்றுப் பூசினாற்போலத் தெரியும். அதுவே ஓரியன் நெபுலா.

தொலமியும் ஸூபியும் வாளைப் பார்த்தார்கள், அங்குள்ளவற்றை நட்சத்திரங்கள் என்றே குறித்தார்கள். ஆனால் ஓரியனின் தலையில் ஒன்றைக் குறித்து, அது முகில்போல இருக்கிறது என்றார்கள். அரபுப் பட்டியல்களில் அதற்குரிய சொல் 'ஸஹாபி'. மூன்று மங்கலான நட்சத்திரங்கள் நெருங்கி நிற்பதால் வெறுங்கண்ணுக்கு அது புகைமூட்டம்போலத் தெரியும். அரபுகளின் சந்திர மன்ஸில்களில் ஐந்தாவதான 'அல்-ஹக்ஆ' இந்த மூன்றுதான். நம் பக்கத்தில் எண்ணப்படும் 27 நட்சத்திரங்களில் ஐந்தாவதான மிருகசீரிடமும் இதே மூன்றுதான். அதாவது தலையில் முகில் இல்லாத இடத்தில் முகிலைக் கண்டார்கள். வாளில் முகில் இருந்த இடத்தில் நட்சத்திரத்தைக் கண்டார்கள். இது அவர்களுடைய கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. கண் எதைத் தேடப் பழகியதோ அதையே காணும். பட்டியலில் நட்சத்திரம் என்று எழுதியிருந்தால் அங்கே நட்சத்திரம்தான் தெரியும்.

இது தொலைகாட்டி வந்த பிறகும் மாறவில்லை என்பதுதான் வேடிக்கை. 1610இல் கலிலியோ தன் சிறு நூலில் ஓரியனின் பட்டியையும் வாளையும் வரைந்தார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத எண்பது நட்சத்திரங்களை அங்கே சேர்த்தார். நெபுலா மட்டும் அந்தப் படத்தில் இல்லை! அதே நூலில் தலையிலுள்ள 'முகிலை'யும் பார்த்தார். அது 21 நட்சத்திரங்களாகப் பிரிந்தது. சரிதானே, முகில் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் தூரத்து நட்சத்திரக் கூட்டம் என்று முடிவுகட்டினார். அந்த முடிவு தலைக்குப் பொருந்தும், வாளுக்குப் பொருந்தாது. 1617 பெப்ரவரியில் வாளின் நடுப்புள்ளியையே உற்றுப் பார்த்து, அது ஒன்றல்ல, மூன்று நட்சத்திரங்கள் என்று குறித்தார். அந்த மூன்றையும் போர்த்திக்கொண்டிருந்த முகிலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. விளக்கைக் கண்டவர் வெளிச்சத்தைக் காணவில்லை.

முகிலைக் கண்டவர்கள் வேறு ஆட்கள். தெற்குப் பிரான்ஸைச் சேர்ந்த பெரெஸ்க் 1610 நவம்பரில் கண்டு தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அதை அவர் அச்சிடாததால் இருபதாம் நூற்றாண்டு வரை யாருக்கும் தெரியவில்லை. சுவிட்ஸர்லாந்தைச் சேர்ந்த ஸிஸாட் என்ற பாதிரியார் 1619இல் ஒரு வால்வெள்ளியைப் பற்றி எழுதியபோது, ஒப்பிட்டுக் காட்டுவதற்காக இந்த முகிலைக் குறிப்பிட்டார். பிறகு 1656இல் ஒல்லாந்துக்காரரான கிறிஸ்தியான் ஹைகன்ஸ் அதைத் தானாகவே மறுபடி கண்டார். அதே 1656இல்தான் அவருடைய நாட்டவர்கள் கொழும்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் வருடத்தை நினைவில் வைக்க எனக்கு இது உதவுகிறது.

ஹைகன்ஸ் 1659இல் அச்சிட்ட படத்தில் முதல் தடவையாக இரண்டும் சேர்ந்து வந்தன: நடுவில் மூன்று நட்சத்திரம், சுற்றிவர முகில். கறுப்பு வானத்தில் ஓர் ஓட்டை விழுந்து, அதற்கு அப்பாலுள்ள ஒளிமயமான ஓர் உலகம் தெரிவதுபோல் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றிய எண்ணம். அந்த ஓட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸியே அதைத் தன் பட்டியலில் 42ஆவதாகச் சேர்த்தார். வால்வெள்ளி தேடுபவர்கள் ஏமாறாமல் இருப்பதற்கான பட்டியல் அது. நெபுலா அவருக்கு ஓர் இடைஞ்சல்தான். வில்லியம் ஹேர்ஷல் அப்படியல்ல. ஜேர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த இசைக்கலைஞர், தொலைகாட்டிக் கண்ணாடிகளைத் தன் கையாலேயே தேய்த்துச் செய்தவர். 1774இல் தன் வான் குறிப்பேட்டைத் தொடங்கியபோது முதலில் பார்த்தவற்றில் ஒன்று இந்த நெபுலா. ஆரம்பத்தில் அவரும் கலிலியோவைப் போல, எல்லா முகிலும் நட்சத்திரக் கூட்டம்தான், பெரிய கண்ணாடி இருந்தால் பிரித்துவிடலாம் என்று நம்பினார். 1790 நவம்பரில் ஓர் இரவு, வேறொரு இடத்தில், ஒற்றை நட்சத்திரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு மங்கலான ஒளி நிற்பதைக் கண்டார். நட்சத்திரம் கச்சிதமாக நடுவில். இரண்டும் தற்செயலாக ஒரே திசையில் வந்தவை என்று சொல்ல முடியாது. முகில் மெய்யாகவே முகில்தான், ஒருவகை ஒளிரும் பாய்பொருள், அதற்கும் நட்சத்திரத்துக்கும் உறவு இருக்கிறது என்று எழுதினார்.

இந்த இடத்தில் ஹேர்ஷல் வாசற்படி வரை வந்துவிட்டார். ஆனால் முகில் தானாகவே ஒளிர்கிறது, அது மெல்ல மெல்ல இறுகி நட்சத்திரமாகிறது என்பதே அவர் கண்ட உறவு. முகிலிலிருந்து நட்சத்திரம் பிறக்கிறது என்பது சரிதான். பிறந்த நட்சத்திரம் திரும்பி முகிலுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி மட்டும் எழவில்லை.

அடுத்த அரை நூற்றாண்டு பின்னோக்கிப் போனது. 1845இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு 72 அங்குல விட்டமுள்ள இராட்சதக் கண்ணாடியொன்றை நிறுவினார். அதில் ஓரியன் நெபுலா நட்சத்திரங்களாகப் பிரியத் தொடங்கிவிட்டது என்ற செய்தி பரவியது. அமெரிக்காவில் ஹாவர்டிலிருந்தும் அதையே சொன்னார்கள். பெரிய கருவி, பெரிய பெயர், விரும்பிய விடை. மூன்றும் சேர்ந்தால் கண் ஏமாறுவது எளிது.

இந்த வழக்கைத் தீர்த்தது பெரிய கண்ணாடி அல்ல, சின்னக் கண்ணாடி முப்பட்டகம். நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்தால் வானவில்போல் தொடர்ந்த நிறமாலை வரும், இடையிடையே கறுப்புக் கோடுகள் இருக்கும். சூடான, ஐதான வாயுவின் ஒளியைப் பிரித்தால் இருட்டின் நடுவே சில பிரகாசமான கோடுகள் மட்டும் வரும். 1864 ஒகஸ்ட் 29ஆம் திகதி இரவு, லண்டனில் தன் வீட்டு வானாய்வகத்திலிருந்து வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு சிறிய நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். வானவில்லைக் காணோம், கோடு மட்டும் வந்தது. நட்சத்திரமில்லை, வாயு. பிறகு ஓரியனைப் பார்த்தார், அதிலும் அப்படியே. ரோஸ் பிரபு பிரித்ததாகச் சொன்ன நட்சத்திரங்கள் அங்கே இல்லை.

ஆனால் அந்தக் கோடுகளில் ஒரு சிக்கல் இருந்தது. ஒன்று ஐதரசனுடையது என்று தெரிந்தது. மிகப் பிரகாசமான பச்சைக் கோடுகள் இரண்டும், ஆய்வுகூடத்தில் யாருக்கும் தெரிந்த எந்த மூலகத்துக்கும் பொருந்தவில்லை. அப்படியானால் பூமியில் இல்லாத ஒரு மூலகமாக இருக்கும் என்று எண்ணி 'நெபுலியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சூரியனில் முதலில் கண்ட ஹீலியம் பிறகு பூமியிலும் கிடைத்தது அல்லவா, அந்தத் துணிச்சல். நெபுலியம் மட்டும் கிடைக்கவேயில்லை. 1927இல் அமெரிக்காவில் ஐரா போவன் விடை சொன்னார்: அது நாங்கள் மூச்சில் இழுக்கும் ஒட்சிசன்தான். இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசன். ஆய்வுகூட வெற்றிடத்தில்கூட அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பதால், அந்த நிலையிலுள்ள ஒட்சிசனுக்கு ஆறுதலாக அந்தப் பச்சை ஒளியை விட அவகாசம் கிடைப்பதில்லை. நெபுலாவில் கிடைக்கிறது. ஓரியனின் அடர்த்தியான பகுதியிலேயே ஒரு கன சென்டிமீற்றருக்குப் பத்தாயிரம் அளவு துணிக்கைகள்தான் இருக்கின்றன. நாங்கள் சுவாசிக்கும் காற்றில் அதே அளவு இடத்தில் இரண்டு கோடி கோடிக்கு மேல், அதையும் இன்னொரு இலட்சத்தால் பெருக்க வேண்டும். படத்தில் அவ்வளவு திண்மையாகத் தெரியும் முகில், நமது அளவுகோலில் வெற்றிடம்.

சரி, இந்த வெற்றிடத்தை ஒளிர வைப்பது எது? இரண்டு இலத்திரனைப் பறிக்கும் பலம் எங்கிருந்து வந்தது?

1922இல் எட்வின் ஹபிள் பல நெபுலாக்களையும் அவற்றின் பக்கத்து நட்சத்திரங்களையும் சேர்த்துப் பார்த்தார். பக்கத்தில் மிகச் சூடான நீல நட்சத்திரம் இருந்தால் முகில் கோடு நிறமாலை தருகிறது. அவ்வளவு சூடில்லாத நட்சத்திரமாக இருந்தால் முகில் அதன் ஒளியை அப்படியே பிரதிபலிக்கிறது, தெரு விளக்கைச் சுற்றிய பனிமூட்டத்தைப் போல. அதாவது முகிலின் குணத்தைத் தீர்மானிப்பது முகில் அல்ல, நட்சத்திரம். கலிலியோ விளக்கையும், மற்றவர்கள் வெளிச்சத்தையும் கண்டு முந்நூறு வருடத்துக்குப் பிறகு இரண்டும் ஒரே வசனத்தில் வந்தன.

காரணத்தை விளக்கியவர் மற்றொரு ஒல்லாந்துக்காரர், ஹெர்மன் ஸான்ஸ்ட்ரா. அவருடைய கட்டுரை 1927இல் வந்தது. எங்கட வீட்டு டியூப் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே உண்டாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர். அது குழாயின் உட்பக்கம் பூசிய வெள்ளைப் பொடியில் பட்டு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாறி வெளியே வருகிறது. நெபுலாவில் நடப்பதும் அந்த மாதிரி ஒரு மாற்றம்தான். நமது சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின் அளவு. அந்தச் சூட்டில் ஐதரசனின் இலத்திரனைப் பிடுங்கும் வலுவுள்ள கதிர் மிகச் சொற்பம். வாளின் நடுவிலுள்ள நான்கில் மிகப் பெரியதான 'தீட்டா 1 சி' என்ற நட்சத்திரமோ 39,000 கெல்வினுக்கு அண்மையில் இருக்கிறது. சூரியனைப் போல 30 மடங்குக்கு மேல் நிறை. அது வெளியிடும் ஒளியில் பெரும்பகுதி கழியூதா. அந்தக் கதிர் ஐதரசன் அணுவில் பட்டால் இலத்திரன் கழன்றுவிடும். கழன்ற இலத்திரன் எங்கோ இன்னொரு கருவோடு சேரும்போது படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு துளி ஒளியை விடும். அதில் ஒரு படிதான் புகைப்படங்களில் காணும் அந்தச் சிவப்பு. 1880 செப்டெம்பர் 30ஆம் திகதி ஹென்றி டிரேப்பர் நியூயோர்க்குக்கு அருகே 51 நிமிடம் தகட்டைத் திறந்து வைத்து முதல் தடவையாக ஒரு நெபுலாவைப் படம் பிடித்தார். அது இந்த நெபுலாதான். ஆனால் அந்தக் காலத் தகடு சிவப்பை உணராது. எங்கட கண்ணும் இருட்டில் சிவப்பை அவ்வளவாக உணராது. அதனால்தான் தொலைகாட்டியில் நேரே பார்த்தால் வெளிறிய பச்சையாகவும், இன்றைய படங்களில் சிவப்பாகவும் தெரிகிறது.

1939இல் டென்மார்க்கைச் சேர்ந்த பெங்ட் ஸ்ட்ரோம்கிரென் இன்னொரு படி போனார். நட்சத்திரத்துக்கு ஒரு வரவுசெலவுக் கணக்கு இருக்கிறது: ஒரு நொடியில் இவ்வளவு கதிர் வெளியே போகும், அது இவ்வளவு அணுவைத்தான் பிரிக்க முடியும். கதிர் தீருமிடத்தில் ஒளிரும் பகுதியும் முடிந்துவிடும். அதுவும் மெல்ல மங்கி அல்ல, கத்தியால் வெட்டியதுபோல். எனவே நெபுலாவின் எல்லை முகிலின் எல்லை அல்ல, நட்சத்திரத்தின் கை எட்டும் தூரம். அதற்கு அப்பால் முகில் இருட்டில் தொடர்கிறது. ஓரியனில் நாங்கள் காண்பது, பின்னாலுள்ள மாபெரும் குளிர்ந்த முகிலின் மேல்தோலில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

இதுவரை சொன்னது ஒளிர்வைப் பற்றி. உருவம் எப்படி வந்தது என்பது இன்னொரு பாதி, எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான். குளிர்ந்த முகிலின் வெப்பநிலை சில பத்துக் கெல்வின். கதிர் பட்ட பகுதி பத்தாயிரம் கெல்வின் அளவுக்குப் போகிறது. ஒரே இடத்திலுள்ள வாயு திடீரென்று நூறு மடங்கு சூடானால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் அது வெளியே பாயும். பாய்ந்த இடத்தில் புதிய குளிர்ந்த முகம் வெளிப்படும், கதிர் அதையும் தின்னத் தொடங்கும். இத்தோடு நட்சத்திரத்திலிருந்து நொடிக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் ஒரு காற்றும் வீசுகிறது. 1973இல் பென் ஸக்கர்மன் ஓரியனுக்கு ஒரு வடிவத்தைச் சொன்னார்: அது உருண்டையல்ல, பெரிய முகிலின் முன்பக்கம் குடையப்பட்ட ஒரு குழி, எங்கட பக்கம் வாய் திறந்து கிடக்கிறது. அடுத்தடுத்த வருட ஆய்வுகள் அதை உறுதி செய்தன. நட்சத்திரம் குழிக்குள் நின்று சுவர்களை ஒளிர வைக்கிறது. கறுப்பு வானத்தில் ஓட்டை என்று 1656இல் ஹைகன்ஸுக்குத் தோன்றியதே, அது முழுப் பிழையல்ல. ஓட்டைக்கு அப்பால் இன்னோர் உலகம் இல்லை, ஓட்டைதான் உலகம்.

2019 ஜனவரியில் வந்த ஒரு முக்கிய ஆய்வு, சோபியா என்ற விமானத் தொலைகாட்டியால் இந்த நெபுலாவின் முன்பக்கத்திலுள்ள மெல்லிய திரையை அளந்தது. காபன் அயன்கள் விடும் செங்கீழ்க் கதிரை வைத்துத்தான் அளந்தார்கள். அந்தத் திரை ஒரு குமிழியின் தோல். நொடிக்கு 13 கிலோமீற்றர் வேகத்தில் விரிகிறது. அதை ஊதுவது தீட்டா 1 சியின் காற்று. முகிலைச் சிதைப்பது பிற்காலத்தில் வெடிக்கும் நட்சத்திரம்தான் என்று பலர் எண்ணியிருந்த வேலையை, வெடிக்குமுன்பே காற்று செய்துகொண்டிருக்கிறது.

கிழக்கில் கச்சான் காற்று வீசும் நாட்களில் கடற்கரை மணலைக் கவனித்திருக்கிறீர்களா? எங்கும் மணல் அரித்துப் போயிருக்கும், ஒரு சிப்பியோ ஓட்டுத்துண்டோ கிடக்கும் இடத்தில் மட்டும் அதன் மறைவில் மணல் வாலாக நீண்டு தங்கியிருக்கும். கழுகு நெபுலாவில் 1995இல் ஹபிள் தொலைகாட்டி எடுத்த அந்தப் பிரபலமான தூண்கள் அப்படி நின்றவைதான். முகிலில் அடர்த்தியான முடிச்சுகள் தலையாக நின்று கதிரைத் தடுக்க, பின்னாலுள்ள வாயு மறைவில் தப்பியிருக்கிறது. தூண்களின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்ப்பதற்கும் காரணம் அதுவே. அந்தப் பக்கத்தில்தான் பெரிய நட்சத்திரங்கள் இருக்கின்றன.

ஓரியனில் இதைவிட உருக்கமான காட்சி ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் ரொபேட் ஓடெல் ஹபிள் படங்களில், தீட்டா 1 சியைச் சுற்றி வால்வெள்ளிபோல் வடிவமுள்ள சின்னச் சின்னப் பொருள்களைக் கண்டார். ஒவ்வொன்றுக்குள்ளும் இளம் நட்சத்திரமொன்று, அதைச் சுற்றி வாயுவும் தூசியும் கொண்ட தட்டு. சூரியனைச் சுற்றிக் கோள்கள் உண்டானது அந்த மாதிரித் தட்டிலிருந்துதான். பக்கத்திலுள்ள பெரிய நட்சத்திரம் அந்தத் தட்டுகளை ஆவியாக்கிக்கொண்டிருக்கிறது. அவற்றில் கோள்கள் உருவாக நேரம் மிஞ்சுமா என்பது இன்றும் ஆராயப்படும் கேள்வி. அவற்றை எங்களுக்குக் காட்டும் வெளிச்சமும் அவற்றைக் கரைக்கும் கதிரும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

பெரிய நட்சத்திரங்களின் ஆயுள் குறைவு. சூரியனுக்கு ஆயிரம் கோடி வருடம் என்றால் தீட்டா 1 சிக்குச் சில பத்து இலட்சம்தான். அதற்குப் பிறகு வாளில் என்ன மிஞ்சும் என்று அறிய வேண்டுமானால் தலையைப் பார்க்கலாம். ஸூபியின் பட்டியலில் 'ஸஹாபி'யாக இருந்த அந்த இடத்தின் முதன்மை நட்சத்திரத்தை இன்று மெய்ஸா என்கிறார்கள். அதுவும் நீலநிறப் பெரிய நட்சத்திரம்தான். அதைச் சுற்றி, முழுநிலவின் அகலத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல் பரந்த, மிக மங்கிய ஒரு சிவப்பு நெபுலா இருப்பதை இருபதாம் நூற்றாண்டுப் புகைப்படங்கள் காட்டின. அதன் ஓரத்தில் வளையமாகத் தூசியும் வாயுவும். நடுவிலிருந்த முகில் பெரும்பாலும் துடைக்கப்பட்டுவிட்டது. அங்கே ஒரு நட்சத்திரம் பத்து இலட்சம் வருடம் அளவுக்கு முன் வெடித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

முகில் என்று ஸூபி எழுதிய இடத்தில் ஆயிரம் வருடத்துக்குப் பின் மெய்யாகவே முகில்! "அன்றே சொன்னார்" என்று எழுத யாருக்கும் கை துறுதுறுக்கும். எழுத முடியாது. அந்த நெபுலா எந்தக் கண்ணுக்கும் தெரியாத அளவு மங்கியது. ஸூபி கண்டது மூன்று நட்சத்திரங்களின் கலங்கலைத்தான், கலிலியோ அதை நேர்மையாகவே பிரித்துக் காட்டினார். 1874இல் ஸூபியின் நூலைப் பிரெஞ்சில் பெயர்த்த ஷெல்லரப் என்ற டென்மார்க் வானியலாளர் வியந்ததும் அவருடைய கண்டுபிடிப்புகளின் எண்ணிக்கையை அல்ல, ஒவ்வொரு நட்சத்திரத்தின் பிரகாசத்தையும் அவர் மதிப்பிட்ட பொறுமையைத்தான்.

எங்கட நாட்டில் ஓரியன் ஏறக்குறைய உச்சிக்கே வரும். கொழும்பிலிருந்து பார்த்தால் இந்த நெபுலா உச்சிக்குத் தெற்கே 12 பாகைதான். டிசெம்பரில் கிழக்குப் பக்கம் மழை மூடிவிடும். பெப்ரவரியில் வானம் தெளிந்த பிறகு, இஷாத் தொழுது வெளியே வரும்போது அண்ணாந்தாலே போதும். மூணு வெள்ளியைப் பிடித்து, கீழே வாளுக்கு இறங்கி, நடுவில் நில்லுங்கள். வேட்டைக்காரர் வைத்திருக்கும் சாதாரண இருகண் தொலைகாட்டி ஒன்று கிடைத்தால், அந்தப் பஞ்சுப்பொட்டு விரிந்து சிறகடித்த பறவைபோல் தெரியும். 1,300 ஒளியாண்டுக்கு மேல் தூரம் என்பதால், அந்த ஒளி புறப்பட்டபோது ஸூபி பிறக்கவில்லை.